மைக்கில் சொல்வது கண்ணுக்கும் தெரிய வேண்டும்: செவிப்புலன் குறைந்த ரசிகர்களுக்கு மைதானத்தில் என்ன செய்யலாம்?

கேள்வி: நான் காரைதீவில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டி நடத்துகிறோம். கடைசி நாள் பின்னேரம் ஒரு உதைபந்தாட்டப் போட்டியும் பரிசளிப்பும் இருக்கிறது. செவிப்புலனற்ற பொடியன்கள் ஏழெட்டுப் பேர் ஒரு ஆட்டமும் விடாமல் வருகிறார்கள். காதில் மெஷின் போட்ட வயதானவர்களும் வருகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பழைய வீரர் ஒருவர் 'ஹியரிங் லூப் போடுங்கள், காசு அனுப்புகிறேன்' என்கிறார். அது சரிவருமா? வேறு என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, காசு வரட்டும். ஆனால் மைக்கில் பேசுவதைக் காது மெஷினுக்கு நேரே அனுப்பும் அந்தக் கம்பி வளையத்தில், அதாவது லூப்பில், தொடங்காதீர்கள். முதலில் வாங்க வேண்டியது ஒரு பெரிய பலகை. முதலில் பிடிக்க வேண்டியது கையெழுத்து நல்லாயிருக்கிற ஒரு பிள்ளை. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். நான் மட்டக்களப்பில் செவித்துணைக் கருவி பொருத்தும் வேலை செய்கிறேன், சனி ஞாயிறுகளில் நடுவராகவும் நிற்பேன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

நீங்கள் ஒரே மூச்சில் சொன்ன அந்த இரண்டு கூட்டத்தாருக்கும் தேவை ஒன்றல்ல. பொடியன்களுக்குச் சைகைதான் மொழி. எழுதிய தமிழை அவர்கள் பிறகு பாடசாலையில் கற்றிருப்பார்கள், ஆகவே சுருக்கமான வசனம் நல்லது. மெஷின் போட்ட பெரியவருக்குச் சைகை ஒன்றும் தெரியாது, ஆனால் பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பார். அவருக்கு முன்னால் சைகை மொழிபெயர்ப்பாளரை நிறுத்தினால் பயனில்லை. பொடியன்களுக்கு லூப் போட்டால் அதுவும் பயனில்லை. இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது, அதுதான் மூன்றிலும் பெரியது: காது மந்தம் என்று தாங்களே ஒத்துக்கொள்ளாதவர்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு கேட்டல் இழப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் பிரதான பந்தலின் முன்வரிசையில் மாலை போட்டு இருத்தப்படுகிறவர்களின் வயதை ஒருமுறை பாருங்கள். மைக்கில் சொன்னது விளங்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் 'என்னவாம்?' என்று கேட்கிறவர்கள் அங்கேயே நாலைந்து பேர் இருப்பார்கள்.

இந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உதவுவது எழுத்து. அதனால்தான் பலகையை முதலில் சொன்னேன்.

விளையாட்டு அடிப்படையில் கண்ணுக்கானது என்பதையும் கவனிக்க வேண்டும். கிரிக்கெட் நடுவர் வாயால் சொல்வதை விடக் கையால் சொல்வதுதான் அதிகம். நாலு, ஆறு, வைட், நோபோல், பை, லெக்பை, டெட்போல் எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. ஸ்கோரர் பதில் சைகை காட்டும்வரை நடுவர் காத்திருக்க வேண்டும் என்பது விதி. உதைபந்தாட்டத்தின் மஞ்சள், சிவப்பு அட்டை எப்படி வந்தது தெரியுமா? 1966 உலகக் கிண்ணக் காலிறுதியில் ஆர்ஜென்டினாத் தலைவர் ரட்டினை ஜெர்மன் நடுவர் வெளியேற்றினார். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காமல் மைதானத்தில் பெரிய இழுபறி. அப்போது நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த இங்கிலாந்துக்காரர் கென் அஸ்டன், வீதிச் சமிக்ஞை விளக்கைப் பார்த்து அட்டை யோசனையைப் பிடித்தார். 1970 மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அது நடைமுறைக்கு வந்தது. பாஷை புரியாதவர்களுக்காக வந்த அட்டை காது கேட்காதவர்களுக்கும் அப்படியே பொருந்திப்போனது. இல்ல விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றர் ஓட்டத்துக்கு நேரம் எடுத்திருக்கிறீர்களா? முடிவுக்கோட்டில் நிற்கும் நேரக்கணிப்பாளர் வெடிச்சத்தத்துக்குக் கடிகாரத்தை அமுக்கக் கூடாது, துவக்கின் புகையைப் பார்த்துத்தான் அமுக்க வேண்டும். சத்தம் 100 மீற்றர் வர 0.3 விநாடி எடுக்கும். செவிப்புலனற்றோருக்கான டெஃப்லிம்பிக்ஸ் 1924இல் பரிஸில் தொடங்கிய போட்டி. இப்போது அங்கே ஓட்டத்துக்கு விளக்கு எரிந்துதான் தொடக்கம், உதைபந்தாட்டத்தில் நடுவர் கையில் கொடி.

ஆக, ஆட்டம் நடக்கும்போது அந்தப் பொடியன்கள் எதையும் பெரிதாக இழப்பதில்லை. சில வேளை உங்களை விடக் கூர்மையாகவே பார்ப்பார்கள். அவர்கள் இழப்பது ஆட்டத்தைச் சுற்றி மைக்கில் போவதை. மழை தூறியதால் பத்து ஓவர் ஆறாகிவிட்டது. எதிரணி வரவில்லை, ஆகவே அடுத்த அணி நேரே அரையிறுதிக்கு. ரன் அவுட் பற்றி முறைப்பாடு, ஆட்டம் நிற்கிறது. நாளைய ஆட்டம் ஏழரைக்கு. இதெல்லாம் நம் ஊர்களில் ஒலிபெருக்கிக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஏன் நிற்கிறது என்று தெரியாமல் அரை மணித்தியாலம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும்? பக்கத்தில் இருப்பவனைத் தட்டிக் கேட்டால் 'பிறகு சொல்றன்' என்பான். பிறகு சொல்லமாட்டான்.

இங்கே நம் ஆட்களுக்கு உடனே வரும் யோசனை, 'சத்தத்தைக் கூட்டுவோம்' என்பது. தயவுசெய்து வேண்டாம். இதைக் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் சவுண்ட்காரர் முதல் கழகத் தலைவர் வரை இதில்தான் தடுமாறுகிறார்கள்.

வயதாலும் இரைச்சலாலும் வரும் இழப்பில் உயர்ந்த அதிர்வெண்கள் முதலில் போகும். உயிரொலிகளின் கனம் காதில் விழும். ச, த, ப, க என்று சொற்களைப் பிரித்துக்காட்டும் மெய்களின் கூர்மை விழாது. 'சதீஸ் ஆட்டமிழந்தார்' என்பதும் 'ரதீஸ் ஆட்டமிழந்தார்' என்பதும் அவருக்கு ஒன்றுதான். வசனத்தில் ஒரு சொல் தவறினால் மற்றச் சொற்களை வைத்து ஊகிக்கலாம், பெயரை அப்படி ஊகிக்க முடியாது. நம் மைதான அறிவிப்பில் பெரும்பகுதி பெயர்தான். இதோடு இன்னொரு தொல்லை. உள்காது பழுதானவர்களில் பலருக்குச் சின்னச் சத்தம் கேட்காது, பெரிய சத்தம் தாங்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வசதியான இடம் ஒடுங்கிப்போயிருக்கும். ஹோர்ன் ஸ்பீக்கரை முழுதாகத் திருகினால் சொல் தெளிவாவதில்லை, குரல் உடைந்து காதைக் குத்தும். அவர் மெஷினை நிறுத்திப் பையில் போட்டுவிடுவார். காசு கொடுத்து வாங்கிய கருவியை மைதானத்தில் போடாமல் விடுவதற்குப் பலர் என்னிடம் சொல்லும் காரணம் இதுதான்.

மைதானத்தின் நான்கு மூலையிலும் ஹோர்ன் கட்டுவதும் நல்லதல்ல. 100 மீற்றர் தள்ளியிருக்கும் ஹோர்னின் சத்தம் கிட்ட இருக்கும் ஹோர்னை விட 0.3 விநாடி பிந்தி வந்து அதே சொல்லின் மேலே ஏறும். நல்ல காது உள்ளவனுக்கே அது குழப்பம். சின்னச் சின்ன ஸ்பீக்கர்களை ஆட்கள் இருக்கும் பந்தல்களுக்குக் கிட்ட வைத்து, ஒவ்வொன்றையும் குறைத்து வைப்பது நல்லது. அறிவிப்பாளரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடிக்க வேண்டும், பெயரை இரண்டுதரம் சொல்ல வேண்டும், பேசும்போது பின்னால் பாட்டு ஓடக் கூடாது. மூன்றாவதற்கு அவர் சண்டைக்கு வருவார். விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த ஒன்றைச் செய்தாலே மெஷின் போட்டவர்களுக்குப் பாதி நிம்மதி.

இனிப் பலகைக்கு வருவோம்.

அறிவிப்பாளர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை இருக்க வேண்டும். மைக்கில் போவதை அப்படியே சுருக்கி எழுதுவது மட்டும்தான் அந்தப் பிள்ளையின் வேலை. ஸ்கோர் எழுதுகிறவரையே இதற்கும் போட வேண்டாம், இரண்டு வேலையும் கெடும். 'ஆட்டம் நிறுத்தம். காரணம்: ரன் அவுட் முறைப்பாடு.' 'இனி 6 ஓவர். இலக்கு 58.' 'அடுத்த ஆட்டம் 3.15.' அவ்வளவு போதும். விளம்பரம், அனுசரணையாளர் பெயர், காணாமற்போன சைக்கிள் சாவி, வழியை மறித்து நிற்கும் முச்சக்கரவண்டி இலக்கம் எல்லாம் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். ஆம், எழுத வேண்டும். அந்தச் சைக்கிள் அவர்களுடையதாகவும் இருக்கலாம். எது தேவை, எது தேவையில்லை என்று கேட்கக்கூடியவர்கள் இருந்து வடிகட்டக் கூடாது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. வாஷிங்டனின் உதைபந்தாட்ட அணி (அவர்களுடைய உதைபந்து, கையில் பிடித்து ஓடுவது) தன் அரங்கில் ஒலிபெருக்கியில் சொல்வதை எழுத்தில் காட்டவில்லை என்று செவிப்புலனற்ற ரசிகர்கள் மூவர் 2006இல் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்கு அந்த நாட்டின் தேசிய செவிப்புலனற்றோர் சங்கம் துணை நின்றது. கேட்டல் உதவிக் கருவி ஒன்றை இரவல் தருகிறோமே என்று அரங்கத்தார் சொன்னார்கள். அறவே கேட்காதவனுக்கு அதனால் என்ன பயன்? 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ரசிகர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆட்ட விபரம், நடுவர் தீர்ப்பு, அவசர அறிவிப்பு மட்டுமல்ல, அரங்கில் போடும் பாட்டின் வரிகள்கூட எழுத்தில் வர வேண்டும் என்றது. பாட்டு வரிக்கு என்ன அவசரம் என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் தொண்ணூறாயிரம் பேர் ஒரே வரியை ஒன்றாகப் பாடும்போது அது எந்த வரி என்று தெரியாமல் நடுவில் நிற்பது, ஸ்கோர் தெரியாமல் நிற்பதை விடத் தனிமையானது. நம்மூரில் கிண்ணம் வென்ற அணி தன் கழகப் பாட்டைப் போட்டு ஆடும்போதும் அதுதான் நடக்கிறது. முதல் நாலு வரியைப் பலகையில் எழுதிவிட்டால் என்ன குறைந்துபோகும்?

பலகையை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். உங்கள் மைதானம் கடற்கரைப் பக்கம், பின்னேரம்தான் கூட்டம் சேரும், வெயில் மேற்கிலிருந்து அடிக்கும். பலகையைக் கிழக்கில், கடல் பக்கமாக வைத்து மேற்கைப் பார்க்க நிறுத்தினால் வெயில் நேரே அதில் விழும், பார்ப்பவர்களுக்குச் சூரியன் முதுகுப் பக்கம். எழுத்து பளிச்சென்று தெரியும். ஆனால் எல்.ஈ.டி. திரை வாடகைக்கு எடுப்பீர்கள் என்றால் கணக்கு தலைகீழ். நேர் வெயில் விழுந்தால் கல்யாண மண்டபத்துத் திரையில் ஒன்றும் தெரியாது, அதற்கு நிழல் வேண்டும். மினுங்கும் வெள்ளைப் பலகையும் வெயிலில் கண்ணைக் கூசும். மங்கலான வெள்ளைத் துணியில் தடித்த கறுப்பு எழுத்து, அல்லது கரும்பலகையில் வெள்ளை, இரண்டும் நல்லது.

எழுத்தின் அளவு: வசதியாக வாசிக்க 3 மீற்றர் தூரத்துக்கு 2.5 சென்ரிமீற்றர் உயரம் என்பது பெயர்ப்பலகைக்காரரின் பொதுக் கணக்கு. அதில் பாதி இருந்தாலும் சமாளித்து வாசிக்கலாம், அதற்குக் கீழே போனால் தமிழில் புள்ளியும் கொம்பும் விசிறியும் கலந்துபோகும். இந்தக் கணக்கில் ஒரே பலகை மைதானம் முழுவதற்கும் காணாது என்பது உங்களுக்கே தெரியும். இரண்டு வைக்கலாம், அல்லது ஒன்றை வைத்து அதற்குக் கிட்டக் கதிரை போடலாம். கூடவே ஒரு வட்ஸ்அப் குழுவும் வைத்து, எழுதும் பிள்ளையே அதிலும் போடட்டும். ஆனால் அதையே நம்ப வேண்டாம். இறுதிப்போட்டி அன்று கூட்டம் சேர்ந்தால் டவர் இழுபறிப்படும்.

கதிரை பற்றி ஒரு சொல். 'செவிப்புலனற்றோர் பகுதி' என்று கயிறு கட்டி ஒதுக்கிவிடாதீர்கள். இந்தப் பக்கமிருந்து பலகை நன்றாகத் தெரியும் என்று அறிவித்துவிட்டால் போதும், வருகிறவர் வரட்டும். பொடியன்கள் வரிசையாக இருந்தால் ஒருவர் கையை ஒருவர் பார்க்க முடியாது, ஆகவே கதிரைகளைக் கொஞ்சம் வளைத்துப் போடுங்கள். மின்னொளியில் ஆட்டம் நடந்தால் வெளிச்சம் முழுவதும் மைதானத்துக்குப் போகும், பார்வையாளர் பக்கம் இருட்டாக இருக்கும். இருட்டில் அவர்களால் பேச முடியாது. அந்தப் பக்கம் ஒரு மின்குமிழ் போடுங்கள், பெரிய செலவில்லை.

இப்போது லூப்.

அதன் வேலை எளிது. மைக்கிலிருந்து வரும் ஒலி ஒரு தனி அம்ப்ளிஃபயர் வழியாக, இருக்கைகளைச் சுற்றிப் போட்ட ஒரு கம்பி வளையத்துக்குள் மின்னோட்டமாகப் போகும். அந்த வளையத்துக்குள் காந்தப்புலம் உண்டாகும். செவித்துணைக் கருவிக்குள் டெலிகொயில் என்ற சின்னச் சுருள் இருந்தால் அது அந்தப் புலத்தைப் பிடித்து நேரே காதுக்குக் கொடுக்கும். கடற்காற்றும் விசிலும் பப்பரே வாத்தியமும் நடுவில் வராது. அறிவிப்பாளர் காதுக்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கும். தேவாலயம், மண்டபம், டிக்கட் கவுண்டர் போன்ற இடங்களில் அருமையான ஏற்பாடு.

திறந்த மைதானத்தில்? முழு மைதானத்துக்கும் போடுவது உங்கள் கழகத்தால் முடியாத வேலை, தேவையும் இல்லை. ஒரு பந்தலுக்குப் போடலாம். ஆனால் அதற்கு முன் உங்கள் ஊரில் மெஷின் போட்டவர்களில் எத்தனை பேரிடம் டெலிகொயில் இருக்கிறது என்று பாருங்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் பழைய வகைகளில் 'டி' என்று ஒரு ஆளி இருக்கும். புதிய சின்னக் கருவிகள் பலவற்றில் அந்தச் சுருளே இல்லை. சிலவற்றில் சுருள் இருக்கும், பொருத்தியவர் கணினியில் அதைத் திறந்துவிடாமல் விட்டிருப்பார். அதைத் திறப்பது சில நிமிட வேலை, கருவி வாங்கிய இடத்தில் கேட்கச் சொல்லுங்கள். எண்ணிப் பார்த்து ஒன்றிரண்டு பேர்தான் என்றால் அந்தக் காசைத் திரைக்குக் கொடுப்பது மேல். ஆறேழு பேர் என்றால் போடலாம், அப்படியே பரிசளிப்பு மேடைக்கும் கோயில் மண்டபத்துக்கும் அதையே பயன்படுத்தலாம். போடும்போது ஜெனரேட்டரும் அதன் கேபிளும் வளையத்திலிருந்து தள்ளியிருக்கட்டும். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் 'ம்ம்ம்' என்ற இரைச்சலையும் டெலிகொயில் பிடித்துக்கொள்ளும். இரும்புச் சட்டமும் தகரமும் நெருக்கமாக இருந்தால் புலம் பலவீனமாகும்.

கருவி இல்லாதவர்களுக்கும் கேட்கச் செய்யலாமா? அமெரிக்க விதிப்படி ஒலிபெருக்கி உள்ள பொது அரங்குகள் இரவல் கொடுக்கக் கேட்டல் உதவிக் கருவி வைத்திருக்க வேண்டும். 2,000 இருக்கைக்கு 55 கருவி, அதில் நான்கில் ஒரு பங்கு செவித்துணைக் கருவியோடு சேர்த்துப் பயன்படக்கூடியதாக இருக்க வேண்டும். அவற்றில் அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்யும் வகை ஒன்று உண்டு, யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். பகல் வெயிலில் அது வேலை செய்யாது. எஃப்.எம். ஒலிபரப்பியை நாமே போடுவோம் என்ற எண்ணமும் வேண்டாம், அதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும்.

பேஸ்புக் நேரலையை இயர்போனில் கேட்கச் சொல்லலாமே என்று உங்கள் கழகத்து இளைஞர்கள் சொல்வார்கள். வீட்டில் இருப்பவருக்குச் சரி. மைதானத்தில் இருப்பவருக்கு அந்த நேரலை பல விநாடி பிந்தி வரும். கண் முன்னால் ஸ்டம்ப் பறந்து, அடுத்த வீரர் உள்ளே வரும் நேரத்தில் காதில் 'பந்து வீச ஓடி வருகிறார்' என்று கேட்கும். சும்மா இருப்பதை விட அது எரிச்சல். இந்தத் தாமதம் இல்லாமல் ஒரே ஒலியை எத்தனை பேருடைய கருவிக்கும் ஒன்றாக அனுப்பும் ஓராகாஸ்ட் என்ற புளூடூத் முறையை 2022இல் அறிவித்தார்கள். இனி வரும் செவித்துணைக் கருவிகள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போகின்றன. நம்மூர்ப் பெரியவர்களின் காதில் அது வந்து சேரக் காலம் இருக்கிறது, இப்போது அதற்காகச் செலவழிக்க வேண்டாம்.

கையில் இருக்கும் போனிலேயே ஒன்று செய்யலாம். பேச்சை எழுத்தாக்கும் கூகுளின் 'லைவ் ட்ரான்ஸ்கிரைப்' செயலிக்குத் தமிழ் தெரியும். ஆனால் பந்தலில் உட்கார்ந்து போனை நீட்டிப் பிடித்தால் அது கூட்டத்தின் சத்தத்தையும் சேர்த்துக் கேட்டுக் குழம்பும். சவுண்ட்காரரின் மிக்ஸரிலிருந்து ஒரு வயர் எடுத்து ஒரு போனின் மைக் வழிக்குக் கொடுத்து, அந்தப் போன் திரையை ஒரு ரீ.வி.யில் காட்டினால் ஓரளவு நன்றாக வரும். ஆட்களின் பெயரையும் ஊர்ப்பெயரையும் அது கொலை செய்யும், நம் பேச்சுத்தமிழிலும் தடுமாறும். அதனால் எழுதும் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். நீண்ட உரைகளுக்கு இது உதவும்.

உரை என்றதும் பரிசளிப்பு. சைகை மொழிபெயர்ப்பாளருக்குச் செலவழிக்க முடிந்தால் அவரை அழைக்க வேண்டிய நேரம் இதுதான். ஆட்டம் முழுவதும் அவரை வெயிலில் நிறுத்த வேண்டாம். பேசுபவருக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில், பின்னால் பூப்போட்ட திரை இல்லாமல் நிறுத்துங்கள். சைகைகள் பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடும், ஆகவே இந்தப் பொடியன்களிடமே யார் செய்வது விளங்கும் என்று கேட்டு அழையுங்கள், அவருக்குரிய காசைக் கொடுங்கள். பிரதம அதிதியின் உரையை விளங்கிக்கொள்ளாமல் இருப்பது ஒரு நட்டமா என்று நக்கலாகக் கேட்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். இருந்தாலும் சலிப்படைவதா வேண்டாமா என்பதை அவர்கள் தாங்களே தீர்மானிக்கட்டும்.

சரி, தகவல் போய்ச் சேர்ந்தது. ஆரவாரம்? 2024 ஏப்ரலில் இங்கிலாந்தின் நியூகாசில் அணி டொட்டன்ஹாமோடு ஆடியபோது, செவிப்புலனற்ற ரசிகர்கள் சிலருக்கு ஒரு மேற்சட்டை கொடுத்தார்கள். அரங்கின் சத்தத்தை மைக்கில் பிடித்து, சட்டைக்குள் தைத்த சின்ன அதிர்விகள் வழியாக உடம்பில் உணரச் செய்யும் சட்டை அது. நியூகாசில் அன்று 4-0 என்று வென்றது, ஆகவே சட்டைக்கு நல்ல வேலை. நம் கழகத்துக்கு அந்தச் சட்டை வேண்டாம். ஊதிய பலூனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தால் மேளமும் பப்பரேயும் அதில் அதிரும். உலகம் முழுவதும் செவிப்புலனற்றோர் இசை நிகழ்ச்சிகளில் இப்படிச் செய்கிறார்கள். கனமான தாழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கரைப் பலகை மேடையில் வைத்து, அதன்மேல் நிற்க விட்டாலும் காலில் ஏறும். இது எல்லோருக்கும் பிடிக்கும் என்றில்லை, வேண்டுமா என்று கேட்டுவிட்டு வையுங்கள். அப்புறம், செவிப்புலனற்றோர் கைதட்டுவது இரண்டு கையையும் மேலே தூக்கி விரல்களை அசைத்துத்தான். கிண்ணம் கொடுக்கும்போது அறிவிப்பாளர் ஒருமுறை எல்லோரையும் அப்படிச் செய்யச் சொல்லலாம். நம் சனம் இப்படியானவற்றில் பின்னிற்காது.

கடைசியாக வைத்தாலும் முக்கியத்தில் இதுதான் முதல்: ஆபத்து. சித்திரை மாதம் பின்னேரத்தில் இடியும் மின்னலும் வரும் காலம். ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் வெளியேறச் சொல்வது மைக்கில்தான். உங்கள் மைதானத்திலிருந்து கடல் கிட்ட. 2004 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கரையோரத்தில் நிற்கும் எச்சரிக்கைக் கோபுரங்கள் தருவதும் சத்தம்தான். கூட்டம் ஓடத் தொடங்கிய பிறகு எதற்கு ஓடுகிறார்கள் என்று எழுதிக்காட்ட நேரமிருக்காது. ஆகவே முதல் நாளே ஒரு சிவப்புக் கொடியைத் தீர்மானித்து, அது ஏறினால் எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று பலகையில் எழுதி, அந்தப் பொடியன்களுக்கு நேரில் காட்டிவிடுங்கள். அவர்கள் இருக்கும் பக்கத்துக்கு ஒரு தொண்டரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று விட வேண்டாம். இரவு ஆட்டமானால் அந்தப் பக்கத்து விளக்கை மூன்றுதரம் அணைத்துப் போடலாம். பட்டாசு கொளுத்துவதாக இருந்தால் முன்கூட்டியே பலகையில் போடுங்கள், மெஷின் போட்டவர்கள் சத்தத்தைக் குறைத்துவைக்க.

கழகக் கூட்டத்தில் யாராவது 'இதெல்லாம் எதற்கு, தருமமா' என்று கேட்டால், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது என்றும், அதன் 30ஆம் உறுப்புரை விளையாட்டையும் பொழுதுபோக்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்றும் சொல்லுங்கள். அதற்கு முன்பே மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. கூட்டத்தில் இதைப் பேசிக்கொண்டிருப்பதை விட அந்தப் பொடியன்களில் இருவரை ஏற்பாட்டுக் குழுவில் சேர்ப்பது பயன். பலகை எங்கே நிற்க வேண்டும் என்று உங்களையும் என்னையும் விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் சவுண்ட்காரரிடம் அவருடைய மிக்ஸரில் ஸ்பீக்கருக்குப் போகும் வழியைத் தவிர இன்னொரு தனி வெளியீடு சும்மா இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். இருந்தால் லூப்புக்கும் போனுக்கும் அதிலிருந்தே எடுக்கலாம். இல்லாவிட்டால் அறிவிப்பாளரின் சட்டையில் இரண்டாவது மைக் ஒன்று குத்த வேண்டிவரும், அதை எப்படிப் பொருத்துவது என்று அப்போது சொல்கிறேன்.